படம் ஒரு நொடி. பாடு ஒரு நாள்

காலம் பொன் போன்றது என்று பள்ளியில் எழுதி எழுதிப் பழகினோம். பொன் விளைந்த ஊரில் பிறந்தவளாகிய எனக்கு அந்தப் பழமொழி எப்போதும் ஒரு கேள்வியாகவே இருந்து வந்திருக்கிறது. கோலார் தங்கவயலில் பொன்னைக் குன்றிமணி பிசகாமல் நிறுத்துப் பார்த்தார்கள், பூட்டி வைத்தார்கள், காவல் போட்டார்கள். அந்தப் பொன்னை எடுத்து வந்த மனிதனின் காலத்தை யார் நிறுத்துப் பார்த்தார்கள்?

1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கம் வெட்டினர். வட ஆர்க்காட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் வறட்சியாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்ட நம் மக்கள் அங்கே குடியேறினர். 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கினர். 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன்னை மேலே அனுப்பினர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதற்கு மறு ஆண்டு பிறந்தவள் நான். விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலில் ஏறிப் பெங்களூர் வந்து, இருட்டிய பின் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவருள் நானும் ஒருத்தி. அவர்கள் வேலைக்கு வருகிறார்கள். நான் இயற்பியல் படிக்க வருகிறேன். அவ்வளவுதான் வேறுபாடு.

இக்கட்டுரை சுரங்கத்தைப் பற்றியதன்று. மருத்துவமனையின் எக்ஸ்-ரே பிரிவைப் பற்றியது. ஆனால் எங்கள் ஊரில் ஒன்றைப் பேசாமல் மற்றொன்றைப் பேச முடியாது.

தாத்தாவின் ஒரு நாள்

என் தாத்தா 34 ஆண்டுகள் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். இப்போது வயது 78. சென்ற ஆண்டு இருமல் அதிகமாயிற்று. கல்லூரிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, எங்கள் வட்டாரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றேன். அறிவியல் மாணவியின் கெட்ட பழக்கம், கையில் குறிப்பேடும் மணிக்கட்டில் கடிகாரமும் இருந்தன. நடந்ததை நடந்தபடி குறித்து வந்தேன்.

காலை 8.10க்குச் சீட்டு வாங்கும் வரிசையில் நின்றோம். 9.25க்குச் சீட்டு கிடைத்தது. 10.40க்கு மருத்துவர் பார்த்தார். நெஞ்சுப் படம் எடுத்து வரச் சொன்னார். பணம் கட்டும் சன்னலில் வரிசை. சன்னலை அடைந்தபோது, மருத்துவர் அறையின் முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முத்திரை பெற்று வந்து மீண்டும் வரிசையின் கடைசியில் நின்றோம். எக்ஸ்-ரே அறைக்குள் தாத்தா நுழைந்தபோது மணி 12.50. சட்டையைக் கழற்றி, பலகையில் மார்பை ஒட்டி நின்று, மூச்சை இழுத்துப் பிடித்தார். படம் எடுத்தாயிற்று. பிறகு உணவு இடைவேளை. 2.30க்குப் படம் கைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு மருத்துவர் அறைக்கு ஓடினோம். 2.40க்கு அங்கே பூட்டுத்தான் இருந்தது. நாளை வரச் சொன்னார்கள். படத்தைப் படித்து எழுதும் அறிக்கை மூன்றாம் நாள் கிடைக்கும் என்றும் சொன்னார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தாத்தா சொன்னார்: “பாதாளத்துக்குக் கூண்டுல எறங்குறதுக்குக்கூட இவ்ளோ நேரம் நின்னதில்ல கண்ணு.”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 8.10 முதல் 2.40 வரை 390 நிமிடம். இதில் தாத்தாவுக்கு யாரோ ஒருவர் ஏதோ ஒன்று செய்த நேரம் எவ்வளவு? சீட்டு எழுத 1 நிமிடம். மருத்துவர் பார்க்க 4. பணம் கட்ட 2. எக்ஸ்-ரே அறையில் 6. மொத்தம் 13 நிமிடம். முப்பதில் ஒரு பங்கு! மற்ற 377 நிமிடமும் நிற்றல், நடத்தல், உட்கார்தல், திரும்பி வருதல். எக்ஸ்-ரே கதிர் அவர் மார்பின் வழியே சென்ற நேரமோ, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் எவரையும் குற்றவாளியாக நிறுத்த நான் விரும்பவில்லை. அந்த அறையில் இருந்த டெக்னீஷியன் ஒற்றை ஆளாக நின்று, கன்னடக்காரராயினும் தாத்தாவிடம் தமிழில், “மூச்ச நல்லா இழுங்க தாத்தா, அப்படியே புடிங்க” என்று பொறுமையாகச் சொன்னார். அந்த ஒரு சொல்லின் பயன் சிறியதன்று. மூச்சை முழுதும் இழுத்துப் பிடிக்காவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி படத்தில் தெளியாது. மறுபடி எடுக்க வேண்டும். காலமும் வீண், கதிரும் வீண். நல்ல மனிதர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் நடுவே வழி மட்டும் கோணிக் கிடக்கிறது.

வழியை வரைதல்

கோணிய வழியை நேராக்க முதலில் அதை வரைய வேண்டும். 1921 இல் அமெரிக்காவின் ஃபிராங்க் கில்பிரெத், பொறியாளர் சங்கத்தின் முன் ஓர் எளிய முறையை எடுத்துரைத்தார். ஒரு வேலை தொடங்கி முடியும் வரை நிகழும் ஒவ்வொரு படியையும் தாளில் குறியிட்டு வரைய வேண்டும். எங்கே வேலை நடக்கிறது, எங்கே நகர்த்தல் நடக்கிறது, எங்கே சும்மா கிடக்கிறது என்று பிரித்துக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் படி வேண்டாதது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். தொழிற்சாலைகள் இதைப் பிடித்துக்கொண்டன. ஜப்பானிய மோட்டார்த் தொழில் இதை ஒரு கலையாகவே வளர்த்தது. உலகத்து மருத்துவமனைகளும் இப்போது இதைக் கையாள்கின்றன.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்பவர்களுக்கு மதுரையைக் காட்டுகிறேன். 1976 இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அறுவை அறையில் மேசைகளை அடுத்தடுத்துப் போட்டு, ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் நோயாளியைத் தயாராக வைத்தார்கள். மருத்துவரின் கை வீணே காத்திருக்கவில்லை. அந்த ஒழுங்கின் பயனாக, பணம் கொடுக்க இயலாத பல இலட்சம் பேர் பார்வை பெற்றார்கள். கத்தியும் கண்ணும் பழையவைதாம், ஏற்பாடு புதியது.

எக்ஸ்-ரே பிரிவிலும் ஏற்பாடு மாறினால் எவ்வளவு மாறும் என்பதைச் சிறு கணக்கால் காட்டலாம். ஒருவருக்குப் படம் எடுக்க 6 நிமிடம் என்று கொள்வோம். 40 பேர் காலை 9 மணிக்கே வந்து நின்றுவிட்டால், நாற்பதாவது ஆள் 234 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஏறத்தாழ 4 மணி நேரம். அதே 40 பேரைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, 9 மணிக்கு வருக, 10க்கு வருக, 11க்கு வருக, 12க்கு வருக என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? எவரும் 54 நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியதில்லை. கருவி அதுவே, ஆளும் அவரே, வேலை முடியும் நேரமும் அதுவே. செலவு, சீட்டின் மூலையில் ஒரு சொட்டு மை!

நோயாளிகள் கணக்குப்படி வருவார்களா என்று கேட்கலாம். வரமாட்டார்கள்தாம். அதற்கும் கணிதம் உண்டு. டென்மார்க் நாட்டு எர்லாங், தொலைபேசி அழைப்புகள் காத்துக் கிடப்பதை ஆராய்ந்து 1909 இல் தொடங்கி வைத்த துறை அது. வருவோர் தாறுமாறாக வந்தால், ஓர் அறையின் திறனில் பாதியளவு வேலை இருக்கும்போது சராசரிக் காத்திருப்பு ஒருவருக்கு ஆகும் வேலை நேரத்துக்குச் சமம். வேலை நூற்றுக்கு 80 ஆனால் காத்திருப்பு நான்கு மடங்கு. 90 ஆனால் ஒன்பது மடங்கு. ஆகவே கருவியை ஒரு நிமிடமும் ஓயவிடாமல் நெருக்குவதே திறமை என்று எண்ணும் நிர்வாகி, தம்மை அறியாமலே வெளியே வரிசையை வளர்க்கிறார். கொஞ்சம் இடைவெளி விட்டு வைப்பதும் ஒரு திறமையே.

கேட்காத கேள்வி

நிற்க. காத்திருப்பு மட்டுமே குறை என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஏழைக்குக் காத்திருப்பு பழகிப்போனது. தாத்தாவின் வழிப்படத்தில் அதைவிட ஆழமான ஓர் ஓட்டை இருந்தது.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. இரு நுரையீரலின் மேற்பகுதியிலும் நிழல்கள் உள்ளன, காசநோயாக இருக்கலாம், சளிச் சோதனை செய்க என்று எழுதியிருந்தது. வீட்டிற்குள் பயம் புகுந்தது. தாத்தாவின் தட்டும் தம்ளரும் தனியாயின. அண்ணன் குழந்தையை அவர் தூக்குவதில்லை. தூக்க வேண்டாமென்று நாங்கள் சொல்லு முன்னரே அவராக ஒதுங்கிக்கொண்டார். சளியில் கிருமி இல்லை என்று தெரிந்த பின்பும் சந்தேகம் தீரவில்லை. ஆறு வாரம் திண்ணையில் படுத்தார்.

ஆறு வாரம் கழித்துப் பெங்களூரில் ஒரு மருத்துவர் படத்தைப் பார்க்குமுன் ஒரு கேள்வி கேட்டார்: “பெரியவரே, என்ன வேலை செய்தீர்கள்?” தாத்தா சொன்னார். பழைய படம் ஏதும் இருக்கிறதா என்றார் மருத்துவர். சுரங்கத்தை விட்டு வந்தபோது எடுத்த படம் ஒன்று தகரப் பெட்டியின் அடியில், பாட்டியின் கூறைப்புடவைக்குக் கீழே இருந்தது. மறுநாள் கொண்டு போனேன். இரண்டையும் விளக்குப் பலகையில் அருகருகே மாட்டினார். அதே இடத்தில் அதே நிழல்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிதும் மாறாத நிழல்கள். இது கல்தூசி செய்தது என்றார்.

பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து வடுவாக இறுகுவதுதான் சிலிகோசிஸ். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1947 இல் அறிவிக்கப்பட்டது எங்கள் தங்கவயல் சுரங்கங்களிலிருந்துதான் என்று மருத்துவப் பாடநூல்கள் கூறுகின்றன. இவ்வடுக்கள் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில் தோன்றும். காசநோயும் அங்கேதான் தோன்றும். போதாததற்கு, தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றவும் செய்யும். எனவே முதல் மருத்துவர் சந்தேகப்பட்டது தவறன்று, சந்தேகப்படத்தான் வேண்டும். ஆனால் அவர் கையில் இருந்த தாளில் “நெஞ்சுப் படம்” என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறொன்றும் இல்லை. நோயாளி 34 ஆண்டு பாறை துளைத்தவர் என்பதை நிழலைப் பார்த்து எப்படி அறிவார்? பழைய படம் ஒன்று பெட்டிக்குள் உறங்குவதை எப்படி அறிவார்?

1930 இல் ஜோகன்னஸ்பர்க்கில் உலகத் தொழிலாளர் நிறுவனம் கூட்டிய சிலிகோசிஸ் மாநாட்டுக் காலத்திலிருந்தே, தூசி நோய்ப் படங்களை வரையறுத்த முறைப்படி தரம் பிரித்துப் படிக்கும் முயற்சி நடந்து வருகிறது. மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டுப் படிப்பதே இன்றைய முறை. ஆனால் ஒப்பிடுவதற்குரிய செய்தி நோயாளியோடு சேர்ந்து அறைக்குள் வர வேண்டுமல்லவா? நோயாளி நடக்கும் வழியை மட்டும் வரைந்தால் போதாது. அவரைப் பற்றிய செய்தி நடக்கும் வழியையும் வரைய வேண்டும். கால்கள் மெதுவாக நடந்தால் ஒரு நாள் வீணாகிறது. செய்தி வழியில் தொலைந்தால் ஒரு மனிதன் தன் வீட்டிலேயே அயலானாகிறான்.

செய்யத் தக்கவை

என் கருத்தில் உடனே செய்யத் தக்கவை நான்கு.

ஒன்று: படம் கேட்கும் தாளில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். என்ன வேலை, எத்தனை ஆண்டு? பழைய படம் உண்டா? தங்கவயலிலும் கல் உடைக்கும் ஊர்களிலும் இவ்விரு வரி இல்லாத தாளை அச்சிடவே கூடாது.

இரண்டு: சீட்டு, முத்திரை, பணம் மூன்றும் ஒரே சன்னலில் முடிய வேண்டும். படம் எடுக்க வர வேண்டிய மணி சீட்டிலேயே எழுதப்பட வேண்டும். முதியோரையும் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போக வேண்டியவரையும் முதல் மணியில் சேர்க்க வேண்டும்.

மூன்று: ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அந்த எண்ணின் கீழ் அவருடைய எல்லாப் படங்களும். டைகாம் என்னும் பொது ஒழுங்கு 1993 முதல் இருக்கிறது. எந்தக் கம்பெனிக் கருவி எடுத்த படத்தையும் மற்றொரு கருவி படிப்பதற்கென்றே அது ஏற்பட்டது. தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய பிலிம்களையும் வாங்கிப் பிரதி எடுத்து அதில் சேர்க்கலாம்.

நான்கு: அறிக்கைக்கு ஒரு கெடு வேண்டும். இதைச் சொல்லும்போது மனம் கொதிக்கிறது. 2002 இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸ், அமெரிக்க மருத்துவமனைகளில் இரவில் எடுக்கும் படங்களை இங்கே பகலில் படித்து உடனுக்குடன் அறிக்கை அனுப்பும் முறையை வளர்த்தது. நம்மவர் திறமைக்கு அது சான்று, பெருமைப்படுகிறேன். கடல் கடந்த படம் அன்றே படிக்கப்படும்போது, 100 கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் தங்கவயல் தொழிலாளியின் படம் மட்டும் மூன்று நாள் காத்திருப்பானேன்? கம்பி இருக்கிறது, கருவி இருக்கிறது, படிக்கும் கண்ணும் இருக்கிறது. இவற்றைச் சேர்த்துக் கட்டும் எண்ணம்தான் வேண்டும்.

புதுக் கருவி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வர். கருவி வேண்டும், ஆளும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வேதியியல் படிக்கும் நண்பர்களுக்கு ஓர் உண்மை தெரியும். பல படிகளில் நடக்கும் வினையின் வேகத்தை மிக மெதுவான படியே முடிவு செய்கிறது. படம் எடுப்பது 6 நிமிடம், அறிக்கை மூன்று நாள் என்றிருக்கும் இடத்தில், 6 நிமிடத்தை 3 நிமிடமாக்கும் கருவியால் நோயாளிக்கு என்ன லாபம்? வரிசை ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு இடம் மாறும்.

இன்னொரு சாரார், மனிதரைத் தொழிற்சாலைப் பண்டம்போல ஓட்டலாமா என்று கேட்பர். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிற்று. சங்கு ஊதியதும் ஆள் இறங்கினான். கூண்டு ஏறியதும் கல் வந்தது. அந்த ஒழுங்கு பொன்னுக்காக ஏற்பட்டது. மனிதனின் நுரையீரல் அதன் கணக்கில் வரவில்லை. ஆகவே எதற்காக ஒழுங்கு என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். மிச்சமாகும் 300 நிமிடத்தில் இன்னும் நூறு பேரைத் திணிப்பதற்காக அன்று. மருத்துவர் நான்கு நிமிடத்துக்குப் பதில் எட்டு நிமிடம் பேசுவதற்காக. “என்ன வேலை செய்தீர்கள்” என்று கேட்பதற்காக. மருத்துவத்தை நான்கு கூறாக்கிய வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து உதவுகிறவனையும் சமமாக வைத்தார். சீட்டு எழுதுபவர், தள்ளுவண்டி தள்ளுபவர், டெக்னீஷியன் ஆகியோரே இன்று அந்த நான்காம் கூறு. வழிப்படத்தை அவர்களை வைத்துக்கொண்டு வரைய வேண்டும். அவர்கள் மேல் பழி போட வரையக் கூடாது.

நம் கடமை

தமிழ்ச் சங்கத் தோழர்களே, நாம் ஆண்டுதோறும் பொங்கல் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், மொழியின் பெருமை பேசுகிறோம். நல்லது. இந்த ஆண்டு இரண்டு சனிக்கிழமைகளை எனக்குக் கொடுங்கள். மருத்துவமனையின் அனுமதி பெற்று, நோயாளியின் இசைவு பெற்று, பெயரைக் குறிக்காமல், கடிகாரத்தோடு அவர் கூடவே நடப்போம். இருபது பேரோடு நடந்தால் போதும். எந்தக் கதவில் காலம் கசிகிறது என்பது தெரிந்துவிடும். அதை ஒரு தாளில் வரைந்து, தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, பணிவோடு மருத்துவமனைத் தலைவரிடம் கொடுப்போம். ஆறு மாதம் கழித்து மீண்டும் நடந்து பார்ப்போம்.

நம்மால் ஆகுமா என்ற ஐயம் வேண்டா. சாம்பியன் ரீஃபில் இருந்த பழைய சுரங்க மருத்துவமனை, சுரங்கத்தோடு சேர்ந்து மூடிப் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. 2021 இல் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது, ஊர்த் தொண்டர்கள் கூடிப் புழுதி கூட்டி, கழுவி, அதை மீண்டும் நோயாளிகளுக்குத் திறந்துவிட்டார்கள். துடைப்பம் பிடித்த கைகளால் அது முடிந்ததென்றால், பேனா பிடித்த கைகளால் இது முடியாதா?

1965 இல் எங்கள் சுரங்கத்தின் அடியில் இந்திய அறிஞர்கள் கருவிகளோடு காத்திருந்து, நியூட்ரினோ என்னும் பிடிபடாத துகளின் சுவட்டைக் கண்டார்கள். அதைப் படித்துத்தான் நான் இயற்பியலுக்கு வந்தேன். அந்தக் காத்திருப்புக்குப் பொருள் இருந்தது. வேப்பமரத்தடியில் தாத்தா காத்திருந்ததற்கு எந்தப் பொருளும் இல்லை. பொருளற்ற காத்திருப்பை ஒழிப்பதும் அறிவியலின் வேலைதான் என்று நான் நம்புகிறேன்.

தாத்தா இப்போது திண்ணையில் படுப்பதில்லை. இருமல் போகவில்லை, அது போகாது. மாலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுரங்கக் கதை சொல்கிறார். அந்த ஆறு வாரத்தை மட்டும் அவருக்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பொன்னை எடுத்துக் கொடுத்தவருக்கு நாம் திருப்பித் தரக் கூடியது காலம் ஒன்றுதான். அதையாவது குறையாமல் நிறுத்துக் கொடுப்போம்.